ஒழுகிய கட்டை, எரியாத டார்ச்

டார்ச் எரியவில்லை என்றால் கை முதலில் போவது பின்மூடிக்குத்தான். மூடியைத் திருகிக் கழற்றி, குழாயைக் கவிழ்த்து, உள்ளங்கையில் ஒரு தட்டு. பேட்டரிக் கட்டை வழுக்கி விழுந்தால் பாதி வேலை முடிந்தது. விழாமல் உள்ளேயே உட்கார்ந்துகொண்டால் அடுத்த நிமிடம் ஸ்க்ரூ டிரைவர் வரும், கத்தரிக்கோல் வரும், நெம்பல் ஆரம்பமாகும். அப்படி நெம்பும்போது ஒரு வகைக் கட்டை பிய்ந்து கையைக் கரியாக்கும். இன்னொரு வகை கண்ணில் காரத்தைத் தெறிக்கவிடும். மூன்றாவது வகை தீப்பிடிக்கும். பின்பக்கமிருந்து பார்த்தால் மூன்றும் பளபளக்கும் ஒரு வட்டத் தகடுதான். கருவியை எடுப்பதற்கு முன், உள்ளே இருப்பது எது என்று கண்டுபிடிப்பதே முதல் வேலை.

இதற்குத் துப்பு வீட்டிலேயே இருக்கும். அதே கடையில் வாங்கிய இன்னொரு கட்டை சுவர்க் கடிகாரத்திலோ டிவி ரிமோட்டிலோ கிடக்கலாம். அதன் உறையைப் பார்க்க வேண்டும். ஆர்20, ஆர்6, ஆர்03 என்று அச்சிட்டிருந்தால் அது கார்பன்-ஜிங்க். முறையே பழைய பெரிய டார்ச்சுக்கான டி அளவு, டபுள் ஏ, டிரிபிள் ஏ. அதே எண்களுக்கு முன்னால் ஒரு 'எல்' சேர்ந்து எல்ஆர்20, எல்ஆர்6, எல்ஆர்03 என்றிருந்தால் ஆல்கலைன். 'ஹெவி டியூட்டி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து ஆல்கலைன் என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். அது கார்பன்-ஜிங்கிலேயே ஜிங்க் குளோரைடு போட்ட ரகம். நம் ஊர்ப் பெட்டிக்கடையில் அட்டையோடு தொங்குவதில் பெரும்பகுதி இந்தக் குடும்பம்தான்.

டார்ச்சில் செல்போன் சார்ஜர் செருகும் துளை இருந்தாலோ, குழாய்க்குள் தடிமனான ஒற்றைக் கட்டை மட்டும் இருந்தாலோ அது லித்தியம் அயான் என்றே எடுத்துக்கொள்வது நல்லது. 18650 என்பது இந்த வகையில் அதிகம் புழங்கும் அளவு. எண்ணிலேயே விவரம் இருக்கிறது: விட்டம் 18 மி.மீ., நீளம் 65 மி.மீ., கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். கார்பன்-ஜிங்க் 1.5 வோல்ட் என்றால் இது 3.7 வோல்ட், முழுதாக ஏற்றினால் 4.2.

லித்தியம் கட்டை சிக்கிக்கொண்டால் விதி ஒன்றுதான்: இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. அதன் வெளிக்கூடு முழுவதும் எதிர்முனை. நேர்முனை நடுவிலுள்ள சிறு வட்டம் மட்டுமே. இரண்டுக்கும் இடையில் இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறையும் ஒரு வளையமும். ஸ்க்ரூ டிரைவர் முனை அந்த உறையைக் கிழித்து இரண்டையும் தொட்டால் நேரடி ஷார்ட். கூட்டில் ஓட்டை விழுந்தால் உள்ளே சுருட்டி வைத்த தகடுகள் ஒன்றையொன்று தொட்டு, சூடு தானாகவே சூட்டைப் பெருக்கிக்கொண்டு போகும். அப்புறம் யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது. குழாய் சூடாக இருந்தாலோ, இனிப்பு கலந்த ரசாயன நெடி வந்தாலோ, சீறும் சத்தம் கேட்டாலோ பழுதுபார்ப்பு அங்கேயே முடிகிறது. டார்ச்சை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய எதுவும் பக்கத்தில் இல்லாத மண் தரையிலோ சிமென்ட் தரையிலோ வைத்துவிட்டு விலகிவிட வேண்டும்.

இன்னொரு ரகத்தையும் இங்கேயே சொல்லி முடித்துவிடலாம். பின்பக்கம் மடக்கு முள் வைத்து, நேராகச் சுவர் பிளக்கில் செருகும் பிளாஸ்டிக் ரீசார்ஜ் டார்ச். உள்ளே பெரும்பாலும் 4 வோல்ட் ஈய-அமிலப் பெட்டி இருக்கும். நாட்பட்டால் அது உப்பி, கூட்டை அழுத்திக்கொண்டு அசையாமல் நிற்கும். மலிவு ரகங்கள் பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெப்பாசிட்டர் வழியாக 230 வோல்ட்டைக் குறைத்துச் சார்ஜ் ஏற்றுகிறார்கள். அதாவது, பிளக்கில் இருக்கும்போது உள்ளே எந்தக் கம்பியைத் தொட்டாலும் அது வீட்டு மின்சாரம். "சார்ஜ் ஏறுகிறதா பார்ப்போம்" என்று மூடியைத் திறந்து வைத்துச் செருகுவதுபோல் முட்டாள்தனம் வேறில்லை.

இனி, அதிகம் பேருக்கு நேரும் சிக்கலுக்கு வருவோம்: ஒழுகிய கார்பன்-ஜிங்க்.

1886-ல் கார்ல் காஸ்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் காப்புரிமை பெற்ற உலர் பேட்டரியில் துத்தநாகக் குவளையே பாத்திரம், அதுவே எதிர்முனை. இன்றைய மலிவுக் கட்டையும் அந்த யோசனையில்தான் ஓடுகிறது. மின்சாரம் தரத் தர அந்தக் குவளை கரைகிறது. அதாவது, சரக்கை வைத்திருக்கும் பாத்திரத்தையே தின்றுதான் விளக்கு எரிகிறது. ஓரிடத்தில் ஓட்டை விழுந்ததும் உள்ளிருக்கும் அமிலத்தன்மையுள்ள குழம்பு, அட்டை உறைக்கும் டார்ச் குழாய்க்கும் இடையில் இறங்கிக் காய்ந்து உப்பாகிறது. கூடவே உருவாகும் வாயுவும் துத்தநாகக் கழிவும் கட்டையின் இடுப்பை உப்ப வைக்கின்றன. அணைத்து வைத்த டார்ச்சிலும் இந்த அரிப்பு மெதுவாக நடந்துகொண்டேதான் இருக்கும். வெயில் காலத்துச் சூடு அதை விரைவுபடுத்தும்.

ஆல்கலைனில் குவளை இரும்பு, அது கரைவதில்லை. ஆனால் உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, கடுமையான காரம். நாளடைவில் ஹைட்ரஜன் வாயு சேர்ந்து, அடிப்பக்கத்து அடைப்பு விட்டுக்கொடுக்கும்போது அது வெளியே கசியும். காற்றிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்து வெள்ளைப் பூவாகப் பூத்து நிற்பது பொட்டாசியம் கார்பனேட். இந்தக் காரத்துக்கு அலுமினியம் பிடித்த இரை. அலுமினியக் குழாயை அரித்து, அரித்த இடத்தில் அதைவிடப் பருமனான ஒரு வெள்ளைப் பசையை விட்டுவைக்கும். அது இறுகிய பிறகு கட்டையும் குழாயும் ஒரே துண்டு மாதிரிதான். விலை உயர்ந்த அலுமினிய டார்ச்சுகளும் இதற்குத் தப்புவதில்லை. அமெரிக்காவின் மேக்லைட் தன் உத்தரவாதத்தில் பேட்டரிக் கசிவால் வரும் சேதத்தைச் சேர்ப்பதில்லை.

லித்தியத்தில் சிக்கலுக்குப் பெரும்பாலும் அளவுதான் காரணம். பாதுகாப்புச் சுற்று வைத்த 18650 கட்டை 65 மி.மீ.க்குப் பதில் 69, 70 மி.மீ. வரை நீளும், பக்கவாட்டில் ஓடும் மெல்லிய தகடு விட்டத்தையும் கூட்டும். மலிவு டார்ச்சின் குழாயில் அந்தக் கூடுதல் அரை மில்லிமீட்டருக்கு இடமிருக்காது. புதிதாகச் செருகும்போதே இறுக்கமாகப் போனால் அழுத்தித் தள்ளாமல் அப்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். உறையில் 9,900 எம்ஏஎச் என்று போட்ட கட்டையையும் வாங்காமலிருப்பது நல்லது. பெயர்பெற்ற நிறுவனங்களின் நல்ல 18650 கட்டைகளே 3,500 எம்ஏஎச் பக்கத்தில்தான் நிற்கின்றன.

கழற்றும் வேலைக்கு மூக்குக் கண்ணாடி, ரப்பர் கையுறை, பழைய செய்தித்தாள் வேண்டும். கண்ணாடி என்றதும் பலர் சிரிப்பார்கள். ஆல்கலைன் காரம் கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிக்கொண்டே இருந்து, அப்படியே மருத்துவரிடம் ஓட வேண்டும். சிரிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் குழாயின் இரண்டு பக்கத்தையும் திறக்க முடியுமா என்று பார்ப்பது. பழைய டி அளவு டார்ச்சில் தலைப்பகுதியைக் கழற்றி, ரிஃப்ளெக்டரையும் பல்பையும் எடுத்துவிட்டால் குழாய் இருபுறமும் திறந்துகொள்ளும். விளக்குமாற்றுக் கட்டையையோ உருண்டையான வேறு மரக்குச்சியையோ தலைப்பக்கமிருந்து கொடுத்து, மேல் முனையில் லேசாகத் தட்டினால் சிக்கிய கட்டைகளில் பெரும்பாலானவை இறங்கிவிடும். சிறிய அலுமினிய டார்ச்சுகள் பலவற்றிலும் தலை மரையில்தான் பூட்டியிருக்கும். வெளியே தெரியாது என்பதால் யாரும் திருகிப் பார்ப்பதில்லை. கை வழுக்கினால் பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றிக்கொண்டு திருகினால் பிடி கிடைக்கும். குறடு போட்டு இறுக்கக் கூடாது. மெல்லிய குழாய் நசுங்கி முட்டை வடிவத்துக்கு வந்தால், பாதி சிக்கிய கட்டை முழுதாகச் சிக்கிவிடும்.

அதிலும் அசையவில்லை என்றால் உப்பைக் கரைக்க வேண்டும். இங்கேதான் வகை தெரிந்துகொண்டது உதவுகிறது. கார்பன்-ஜிங்க் கசிவு அமிலம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கலந்து, இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஆல்கலைன் கசிவு காரம். அதற்கு வினிகர், இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு. இரண்டிலும் நுரை பொங்கும், அது கரியமில வாயு. அதனால் மூடியைப் பூட்டி வைக்காமல் திறந்தபடியே ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்து, மடித்த துண்டின் மேல் வாய்ப்பக்கம் கீழாகத் தட்டிப் பார்க்கலாம். ஒரு தடவையில் வராதது மூன்றாம் தடவையில் வரும். எல்இடி இருக்கும் தலையைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த ஈர வேலை. கசிவே இல்லாமல், உறைத்தாள் சுருண்டு மட்டும் சிக்கியிருந்தால் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் போதும்.

குழாயைச் சூடாக்கினால் விரியும், கட்டை கழன்று வரும் என்ற ஆலோசனையும் ஊரில் உலவுகிறது. அலுமினியத்தைவிடத் துத்தநாகம் சூட்டில் அதிகம் விரியும் என்பதால் கார்பன்-ஜிங்கில் இது தலைகீழாக வேலை செய்யும்; கட்டை இன்னும் இறுகும். சரி, ஃப்ரீசரில் வைத்தால்? கணக்குப் போட்டால் டி அளவுக் கட்டையில் கிடைக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. அதற்காக ஒழுகிய பேட்டரியைக் காய்கறி பக்கத்தில் வைக்க வேண்டியதில்லை.

எல்லாம் தோற்றுப்போய், குழாயும் ஒரு பக்கம் மட்டுமே திறந்த வகையாக இருந்தால் ஒட்டி இழுப்பது ஒரு வழி. கட்டையின் அடித்தகட்டைத் துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தலை அகன்ற ஒரு போல்ட்டை எபாக்சி பசையால் நடுவில் ஒட்டி, இரவு முழுக்க விட்டுவிட வேண்டும். பசை குழாயின் சுவரைத் தொடாமல் இருப்பதில்தான் திறமை. காலையில் போல்ட்டைப் பிடித்து நேராக இழுக்காமல், முதலில் மெல்லத் திருப்பி, உப்பின் பிடி விட்ட பிறகு இழுப்பது. கட்டையின் அடியில் மரத்திருகாணியை முறுக்கி இழுப்பவர்களும் உண்டு. முழுதாகத் தீர்ந்த கார்பன்-ஜிங்கில் அது கரும்பசையோடு போய்விடும். ஆல்கலைனில் காரம் அழுத்தத்தோடு பீறிடலாம். லித்தியத்தில் திருகாணி, ஒட்டுதல் இரண்டுமே கூடாது. இரண்டு பக்கமும் திறந்து மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளி வந்தால் வரட்டும். வராவிட்டால் நூற்றைம்பது ரூபாய் டார்ச்சுக்கு அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

டிரிபிள் ஏ கட்டைகள் மூன்றை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் அடைத்துச் செருகும் குட்டி எல்இடி டார்ச்சில் கதை கொஞ்சம் வேறு. ஒரு கட்டை உப்பினாலே கூடு பீப்பாய் மாதிரி புடைத்து நடுவில் பிடித்துக்கொள்ளும். கூட்டின் அடியிலுள்ள சின்ன ஸ்பிரிங்கையோ தகட்டையோ குறடால் பிடித்து இழுத்தால் அது மட்டும் கையோடு வரும், கூடு உள்ளேயே நிற்கும். தலையைக் கழற்றி எதிர்ப்பக்கமிருந்து தள்ளுவதுதான் இதற்கும் வழி. வெளியே வந்த கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒன்று புலப்படும்: மூன்றில் இரண்டு கட்டை சுத்தமாக இருக்கும், ஒன்று மட்டும் ஒழுகியிருக்கும். பழைய கட்டையோடு புதியதைக் கலந்து போட்டதன் விளைவு இது. வரிசையில் இணைத்த கட்டைகளில் பலவீனமானது முதலில் தீர்ந்துபோகும். மற்ற இரண்டும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் அது தலைகீழாகச் சார்ஜ் ஆகி உப்பி ஒழுகும். மாற்றினால் மூன்றையும் ஒரே நாளில், ஒரே ரகத்தில் மாற்ற வேண்டும்.

கட்டை வந்துவிட்டது, புதியதும் போட்டாயிற்று, இன்னும் எரியவில்லை. பல்பையோ எல்இடியையோ குற்றம் சொல்ல இன்னும் நேரம் வரவில்லை. 1899 ஜனவரி 10-ல் டேவிட் மிசெல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற டார்ச்சிலேயே அமைப்பு இதுதான்: குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டைகள், முன்னால் பல்பு, சுற்றை முடித்துவைக்க ஓர் உலோகத் தகடு. இன்றும் மின்சாரம் அதே பாதையில்தான் ஓடுகிறது. அந்தப் பாதையில் உலோகமும் உலோகமும் தொடும் இடங்கள் ஏழெட்டு. பழுது பெரும்பாலும் அவற்றில் ஒன்றில் இருக்கும்.

அலுமினிய டார்ச்சில் இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறு கம்பித் துண்டு போதும். பின்மூடியைக் கழற்றிவிட்டு, கம்பியின் ஒரு முனையைக் கட்டையின் அடியிலும் மறுமுனையைக் குழாயின் விளிம்பிலும் வைக்க வேண்டும். சுவிட்ச் செய்யும் வேலையைக் கம்பி செய்கிறது. விளக்கு எரிந்தால் கோளாறு பின்மூடியில், எரியாவிட்டால் தலைப்பகுதியில். விளிம்பில் சாயம் பூசிய இடத்தில் வைத்து ஏமாறக் கூடாது. அந்தக் கருப்பு, சிவப்பு மேற்பூச்சு ஆனோடைஸ் செய்தது, மின்சாரத்தைக் கடத்தாது. பூச்சில்லாத வெள்ளை விளிம்புதான் கடத்தும். அந்த விளிம்பில் கருமை படர்ந்திருப்பதே பல டார்ச்சுகளின் முழு நோய். உப்புத்தாளால் ஒரு சுற்றுத் தேய்த்தால் தீர்ந்துவிடும்.

பின்மூடியில்தான் கோளாறு என்றால் அதைத் திருப்பி உள்ளே பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கைச் சுற்றி, எதிரெதிரே இரண்டு பொட்டுத் துளையுள்ள ஒரு வளையம் இருக்கும். சுவிட்சைப் பிடித்து வைப்பதும், மின்சாரத்தைச் சுவிட்சிலிருந்து மூடிக்கு எடுத்துச்செல்வதும் அந்த வளையம்தான். நூறு முறை அழுத்திய சுவிட்ச் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெகிழ்த்திவிடும். தட்டினால் எரிந்து, ஆட்டினால் அணையும் டார்ச்சுகளில் பெரும்பாலும் குற்றவாளி இதுவே. கூர்முனைச் சாமணத்தின் இரு முனையை அந்தத் துளைகளில் வைத்து வலப்பக்கமாகத் திருகினால் கால் சுற்றோ அரைச் சுற்றோ இறுகும். மெக்கானிக் கடையில் ஒரு நிமிட வேலை. தெரியாதவருக்குப் புது டார்ச்.

பிளாஸ்டிக் உடம்புள்ள டி அளவு டார்ச்சில் குழாய் மின்சாரத்தைக் கடத்தாது. உள்சுவரில் ஓடும் தகடு கடத்தும். ஒழுகிய கட்டை முதலில் துருப்பிடிக்க வைப்பது அந்தத் தகட்டைத்தான். பழைய பல் பிரஷ், வகைக்கேற்ற வினிகர் அல்லது சோடாத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், நிழலில் ஒரு நாள் உலர்த்தல், கடைசியில் உப்புத்தாள். ஸ்பிரிங் சிறுத்திருந்தால் இழுத்து நீட்டலாம். துரு தின்று முறிந்திருந்தால் பழைய ரிமோட்டிலிருந்து ஒன்று எடுத்துப் போடலாம்.

மல்டிமீட்டரில் 1.3 வோல்ட் காட்டும் கட்டையை நல்லது என்று நம்பிவிடவும் கூடாது. சும்மா இருக்கும்போது காட்டும் அளவு அது. பல்பின் சுமை ஏறியதும் தடாலென்று இறங்கிவிடும். புதுக் கட்டை போட்டுப் பார்ப்பதற்கு ஈடான சோதனை இல்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும் நம் பக்கத்தில், டார்ச்சைத் திறந்து பார்க்கச் சரியான மாதம் செப்டம்பர். அவசரத்துக்கென்று எடுத்து வைக்கும் டார்ச்சில் கார்பன்-ஜிங்க் கட்டையை உள்ளே போட்டு வைக்காமல், பக்கத்திலேயே ஒரு கவரில் போட்டுக் கட்டி வைப்பது மேல். இரவில் மோட்டார் போட வயலுக்குப் போகிறவர்கள் தினமும் எடுப்பதால் அவர்கள் டார்ச்சில் கட்டை அவ்வளவாகச் சிக்குவதில்லை. அலமாரியில் தூங்கும் டார்ச்சில்தான் சிக்கும்.

வெளியே எடுத்த கட்டையைக் குப்பைத்தொட்டியில் வீசக் கூடாது என்பது வெறும் அறிவுரை இல்லை. 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்கும் பொறுப்பை நுகர்வோருக்கும், அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கும் வைத்திருக்கின்றன. லித்தியம் கட்டையாக இருந்தால் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கும்முன் இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். சாக்கில் அது வேறொரு கட்டையைத் தொட்டால் தீப்பிடிக்கும்.